‘பறக்க வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம்: போர் விமானிகளின் உடலைக் காக்கும் ‘பிளைட் சர்ஜன்’கள் யார்?

பெங்களூரு: சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாள்கள் தங்கிப் பணியாற்றிய இந்திய விமானப்படை அதிகாரி குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா, 2025 ஜூலை 15 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ அருகே பசிபிக் கடலில் இறங்கிய விண்கலத்திலிருந்து வெளியே வந்தார். நாடு முழுவதும் அந்தக் காட்சியை நேரலையில் கண்டது. அன்றைய கொண்டாட்டத்தின் நடுவே இஸ்ரோ வெளியிட்ட தகவல் ஒன்று பலரது கவனத்துக்கு வராமல் போனது. புவியீர்ப்பு விசைக்கு உடல் மீண்டும் பழகும் வரை, ஏறத்தாழ 7 நாள்கள் அவர் ‘பிளைட் சர்ஜன்’ மேற்பார்வையில் இருப்பார் என்பதே அந்தத் தகவல்.

விண்வெளிக்குச் செல்லும் வீரரின் பெயர் அனைவருக்கும் தெரியும். அவரைத் தேர்ந்தெடுத்து, தகுதிச் சான்று அளித்து, புறப்படும் முன் தனிமைப்படுத்திக் காத்து, திரும்பியதும் அவரது நாடித்துடிப்பையும் நடையையும் கவனிக்கும் மருத்துவரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. குடியரசு தினத்தையொட்டி ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் சிறப்புச் சேவைப் பதக்கங்களின் நீண்ட பட்டியலில் ஆயுதப்படை மருத்துவர்களின் பெயர்களும் இடம்பெறுகின்றன. அவர்களில் விமான மருத்துவத் துறையினர் எதற்காகக் கௌரவிக்கப்படுகிறார்கள், அவர்களது பணி என்ன என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

பெயரில் ‘சர்ஜன்’, பணியில் அறுவை சிகிச்சை இல்லை

‘பிளைட் சர்ஜன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அறுவை சிகிச்சை நிபுணர் என்று எண்ணத் தோன்றும். ராணுவ மருத்துவர்களைப் பொதுவாக ‘சர்ஜன்’ என்று அழைத்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. முதல் உலகப் போரின்போது, 1918-இல் அமெரிக்க ராணுவம் விமானப் பிரிவுகளுக்கெனத் தனி மருத்துவர்களை நியமித்தபோது இப்பெயர் நிலைபெற்றது.

அந்த நியமனத்துக்கு வலுவான காரணம் இருந்தது. போரின் தொடக்க ஆண்டுகளில் உயிரிழந்த விமானிகளில் எதிரியின் தாக்குதலால் மடிந்தவர்கள் 100-க்கு 2 பேர் மட்டுமே என்றும், இயந்திரக் கோளாறால் 8 பேரும், விமானியின் சொந்தக் குறைபாடுகளால் 90 பேரும் இறந்தனர் என்றும் அக்காலத்து பிரிட்டன் கணக்கு ஒன்று கூறியது. பார்வைக் குறைபாடு, களைப்பு, உயரத்தில் ஏற்படும் மயக்கம் போன்றவை குண்டுகளைவிட அதிக உயிர்களைப் பறித்தன என்ற உணர்விலிருந்தே இந்த மருத்துவப் பிரிவு வளர்ந்தது.

மற்ற மருத்துவத் துறைகளுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. வழக்கமான மருத்துவர், நோயுற்ற மனிதரை இயல்பான சூழலில் பார்க்கிறார். விமான மருத்துவரோ, முழு ஆரோக்கியமுள்ள மனிதரை, மனித உடலுக்குச் சற்றும் ஒவ்வாத சூழலுக்கு அனுப்பிப் பத்திரமாகத் திரும்பப் பெற வேண்டியவர்.

பெங்களூருவில் 1957-இல் தொடங்கிய பயணம்

இந்தியாவில் இத்துறையின் மையமாக விளங்குவது பெங்களூருவில் உள்ள இந்திய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். 1957 மே 29 அன்று விமான மருத்துவப் பள்ளியாக இது தொடங்கப்பட்டது. 1948-இல் வாம்பயர் விமானங்களுடன் ஜெட் யுகத்தில் நுழைந்திருந்த விமானப்படை, 1950-களில் மேலும் வேகமான, மேலும் உயரத்தில் பறக்கும் விமானங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. விமானத்தின் திறன் உயர உயர, அதில் அமரும் மனிதனின் உடல் வரம்பே பெரிய கேள்வியாக எழுந்தது.

அந்நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே இத்துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஏர் வைஸ் மார்ஷல் ஜே.எச்.எப். மானெக்‌ஷா. பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் சகோதரரான இவர், அமெரிக்காவின் பென்சகோலா கடற்படை விமானதளத்தில் விமான மருத்துவருக்கான ‘சிறகுச் சின்னம்’ பெற்ற முதல் இந்தியர். இந்திய விண்வெளி மருத்துவச் சங்கத்தின் மாநாடுகளில் இவரது பெயரில் கருத்தரங்க அமர்வு நடத்தப்படுகிறது. அதே மாநாடுகளில், விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜியின் பெயரில் நினைவுச் சொற்பொழிவும் நிகழ்கிறது.

இன்று இந்த நிறுவனத்தில் மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்டப் படிப்பு, போர் விமானிகளுக்கு உடலியல் பயிற்சி, விமானிகளின் மருத்துவ மதிப்பீடு, விமான வடிவமைப்பாளர்களுக்கு ஆலோசனை ஆகியவை ஒரே வளாகத்தில் நடைபெறுகின்றன.

70 கிலோ எடை 630 கிலோவாகும் தருணம்

விமான மருத்துவர்களின் பணியைப் புரிந்துகொள்ள, போர் விமானியின் உடலில் என்ன நேர்கிறது என்பதை அறிய வேண்டும்.

அதிவேகத்தில் செல்லும் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் உடல் மீது புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு விசை அழுத்துகிறது. இதை ‘ஜி’ என்ற அலகால் அளக்கிறார்கள். தரையில் நாம் உணர்வது 1 ஜி. நவீன போர் விமானங்களில் இது 9 ஜி வரை உயரக்கூடும். 70 கிலோ எடையுள்ள விமானி, அந்தக் கணத்தில் 630 கிலோ எடையாக உணர்வார். கையை உயர்த்துவதே பெரும்பாடாகிவிடும்.

எடையைவிட ஆபத்தானது ரத்த ஓட்டத்தில் ஏற்படும் மாற்றம். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம் உள்ளது. அந்த உயரத்துக்கு ரத்தத்தை மேலேற்ற, ஒவ்வொரு ஜி-க்கும் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் செலவாகிறது. சராசரி மனிதரின் ரத்த அழுத்தம் 120 என்று கொண்டால், 5 ஜி-யை நெருங்கும்போதே தலைக்கு ரத்தம் செல்வது ஏறக்குறைய நின்றுவிடும்.

கண்ணுக்குள் இயல்பாகவே ஓர் அழுத்தம் இருப்பதால், மூளைக்கு முன்பாகக் கண்ணுக்கே ரத்தம் குறைகிறது. முதலில் நிறங்கள் மங்கும். பார்வையின் ஓரங்கள் சுருங்கும். பிறகு முற்றிலும் இருளும். அதையும் மீறி விசை தொடர்ந்தால் விமானி நினைவிழப்பார். நினைவு திரும்பிய பின்னும் சில விநாடிகள் குழப்பம் நீடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ அரை நிமிடம் அவரால் விமானத்தைக் கட்டுப்படுத்த இயலாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அந்த அரை நிமிடத்தில் 7 கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். விமானத்தின் மூக்கு தரையை நோக்கி இருந்தால் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கான பயிற்சி பெங்களூரு நிறுவனத்தின் மனித மையவிலக்குச் சுழலியில் அளிக்கப்படுகிறது. நீண்ட கையின் முனையில் உள்ள கூண்டில் விமானியை அமர்த்தி வேகமாகச் சுழற்றி, வானில் நேரும் விசையைத் தரையிலேயே உருவாக்குகிறார்கள். கால், தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, குறிப்பிட்ட இடைவெளியில் மூச்சைப் பிடித்து விடும் முறை அங்கே கற்பிக்கப்படுகிறது. காற்றால் உப்பி, ரத்தம் கால்களில் தேங்குவதைத் தடுக்கும் சிறப்பு உடையின் பயன்பாடும் சோதிக்கப்படுகிறது. கூண்டுக்குள் இருப்பவரின் முகத்தையும் இதயத் துடிப்பையும் திரையில் பார்த்தபடி, எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்பவர் மருத்துவர்.

ஆக்சிஜன் குறைந்தால் மகிழ்ச்சி பெருகும் விபரீதம்

கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தம் 18,000 அடி உயரத்தில் பாதியாகிவிடுகிறது. 25,000 அடி உயரத்தில் ஆக்சிஜன் உதவி தடைபட்டால், விமானி பயனுள்ள முடிவெடுக்கக்கூடிய நேரம் 3 முதல் 5 நிமிடங்கள் மட்டுமே. 40,000 அடியில் அது 15 முதல் 20 விநாடிகளாகச் சுருங்குகிறது. சுமார் 63,000 அடிக்கு மேல், உடல் வெப்பநிலையிலேயே நீர் கொதிக்கும் அளவுக்கு அழுத்தம் தாழ்ந்துவிடும். அந்த எல்லைக்கு, அதை முதலில் சுட்டிக்காட்டிய அமெரிக்க ராணுவ விமான மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரே வழங்குகிறது.

ஆக்சிஜன் பற்றாக்குறை வலியோடு வருவதில்லை என்பதே இதன் பெரிய ஆபத்து. பலருக்கு அது ஒருவித உற்சாகத்தையும், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கையையும் தருகிறது. எனவே விமானிகளைக் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறையில் அமர்த்தி, முகமூடியைக் கழற்றச் செய்து, எளிய கணக்குகளை எழுதச் சொல்கிறார்கள். சில நிமிடங்களில் எழுத்து கோணலாகும், கூட்டல் தவறும், ஆனால் எழுதியவருக்கு அது தெரியாது. முகமூடியை மீண்டும் அணிந்து, தன் தாளைத் தானே பார்க்கும்போதுதான் உண்மை புரியும். ஒருவருக்கு விரல் நுனி மரத்துப்போகும், மற்றொருவருக்கு முகம் சூடாகும். தன் உடல் தரும் முதல் எச்சரிக்கை எது என்பதை ஒவ்வொரு விமானியும் அந்த அறையில் அறிந்துகொள்கிறார்.

இந்தியாவுக்கு இது வெறும் பாடநூல் விஷயம் அன்று. லடாக்கில் 16,000 அடிக்கு மேல் அமைந்துள்ள தவுலத் பெக் ஓல்டி தளத்தில் விமானப்படையின் போக்குவரத்து விமானங்கள் தரையிறங்குகின்றன. சியாச்சின் பனிமலையில் சிறிய ஹெலிகாப்டர்கள் 20,000 அடி வரையிலும் பறந்து, வீரர்களுக்குப் பொருள்களைக் கொண்டு சேர்க்கின்றன. நோயுற்றவர்களைக் கீழே இறக்குகின்றன. குளிர், தூக்கமின்மை, ஆக்சிஜன் குறைவு மூன்றும் ஒரே நேரத்தில் தாக்கும் அந்தச் சூழலில், யார் பறக்கலாம், எத்தனை நாள்கள் பழகிய பின் பறக்கலாம் என்பவை மருத்துவ முடிவுகளே.

காது சொல்லும் பொய்

பார்வைக்கு அடிவானம் தெரியாத மேகத்திலோ இருளிலோ, விமானி தன் உட்காதை நம்பினால் ஏமாந்துபோவார். உட்காதில் உள்ள திரவம், திருப்பம் தொடங்குவதை உணர்த்தும். திருப்பம் ஒரே சீராக நீடித்தால், அதை உணர்த்துவதை நிறுத்திவிடும். விமானம் சாய்ந்தே சென்றாலும் நேராகச் செல்வது போலத் தோன்றும். அதை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வது போன்ற உணர்வு ஏற்படும். இந்தத் திசைக்குழப்பம் அனுபவம் மிக்கவர்களையும் விட்டுவைப்பதில்லை. சுழலும் பயிற்சிக் கருவியில் இதை நேரடியாக அனுபவிக்கச் செய்து, உணர்வை ஒதுக்கிவிட்டுக் கருவிகளின் அளவீட்டை மட்டும் நம்பும் பழக்கத்தை விமான மருத்துவர்கள் ஏற்படுத்துகிறார்கள்.

கால் நீளத்தை ஏன் அளக்கிறார்கள்?

விமானப்படையில் விமானியாக விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு எழும் பொதுவான கேள்வி இது. உயரம் மட்டுமின்றி, கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டர் வரை, தொடை நீளம் அதிகபட்சம் 64 சென்டிமீட்டர், அமர்ந்த நிலை உயரம் 81.5 முதல் 96 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்று விதிகள் உள்ளன.

இதன் பின்னணியிலும் மருத்துவக் காரணமே உள்ளது. ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் அமைப்பு, அவரது முதுகெலும்பின் மீது 15 முதல் 20 ஜி வரையிலான விசையை நொடிப்பொழுதில் செலுத்துகிறது. உட்காரும் நிலை சற்றுப் பிசகினாலும் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். தொடை நீளம் மிகுந்தால், வெளியேறும்போது முழங்கால் முன்பலகையில் மோதும். கால் குட்டையாக இருந்தால் மிதிகட்டை எட்டாது. தேர்வில் தோல்வியுறும் இளைஞருக்கு அந்த அரை சென்டிமீட்டர் வேதனை தரலாம். ஆனால் அது ஓர் உயிரைக் கருதி வகுக்கப்பட்ட எல்லை.

இந்த அறிவின் பின்னே மருத்துவர்கள் தங்கள் உடலையே பணயம் வைத்த வரலாறும் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்று, திடீரென நிறுத்தப்பட்டபோது 46 ஜி-க்கும் மேற்பட்ட விசையைத் தாங்கினார். அவரது சோதனைகள் போர் விமான இருக்கைகளை மட்டுமின்றி, கார்களின் இருக்கைப் பட்டை குறித்த சிந்தனையையும் மாற்றின. 1966-இல் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டபோது ஸ்டாப் அங்கு இருந்தார்.

நம்பிக்கைக்கும் கடமைக்கும் இடையே

தொழில்நுட்பச் சவால்களைவிடக் கடினமானது மனித உறவு சார்ந்த சவால். விமானியைப் பறக்க விடாமல் தரையில் நிறுத்தும் பரிந்துரையை விமான மருத்துவர் வழங்க முடியும். விமானப்படையில் பறப்பதற்கான முழுத் தகுதி ‘ஏ1 ஜி1’ என்று குறிக்கப்படுகிறது. இதயத் துடிப்பில் சிறு மாற்றம், கட்டுப்படாத சர்க்கரை அளவு, தீராத முதுகுவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இந்தத் தகுதியைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மாற்றிவிடக்கூடும். பல ஆண்டுப் பயிற்சி, பதவி உயர்வு, வாழ்க்கைக் கனவு அனைத்தும் ஒரு மருத்துவ அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதனால் விமானிகள் சிறு உபாதைகளை மறைக்கும் போக்கு உலகெங்கும் உள்ளது. தூக்கமில்லாத இரவு, வீட்டுப் பிரச்சினை, சளியால் அடைத்த காது ஆகியவற்றைச் சொல்லாமல் பறக்கச் சென்றுவிடுவார்கள். தரையில் அற்பமாகத் தோன்றும் சளி, விமானம் வேகமாக இறங்கும்போது செவிப்பறையைக் கிழிக்கும் அளவுக்கு வலி தரக்கூடியது.

இந்த இடைவெளியைக் குறைக்கவே விமான மருத்துவர்கள் மருத்துவமனையில் காத்திருக்காமல், படைப்பிரிவுகளிலேயே விமானிகளோடு வாழ்கிறார்கள். காலைக் கூட்டத்தில் உடன் அமர்கிறார்கள், வாய்ப்புள்ளபோது விமானத்தில் உடன் பறக்கிறார்கள், குடும்பங்களை அறிந்துவைக்கிறார்கள். விமானி தானாக முன்வந்து ‘இன்று எனக்கு முடியவில்லை’ என்று சொல்லும் அளவுக்கு நம்பிக்கையைப் பெறுவதே நல்ல விமான மருத்துவரின் முதல் வெற்றி. அவரது பெரும்பாலான வெற்றிகள், நிகழாமல் போன விபத்துகள். அவற்றுக்குப் பதிவேடு கிடையாது.

பத்மஸ்ரீ பெற்ற ஏர் மார்ஷல்

இத்துறையினருக்குக் கிடைத்த அங்கீகாரங்களில் குறிப்பிடத்தக்கது, ஏர் மார்ஷல் பத்மாவதி பந்தோபாத்யாய்க்கு 2020-இல் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ விருது. 1944-இல் திருப்பதியில் பிறந்த இவர், புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1968-இல் விமானப்படையில் சேர்ந்தார். விமான மருத்துவ நிபுணராகத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது பஞ்சாபில் உள்ள ஹல்வாரா விமானதளத்தில் பணியாற்றியதற்காக இவருக்கும், விமானப்படை அதிகாரியான இவரது கணவருக்கும் விசிஷ்ட சேவா பதக்கம் வழங்கப்பட்டது. ஒரே விழாவில் இந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் விமானப்படைத் தம்பதியினர் அவர்கள். 1978-இல் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரியின் பயிற்சியை நிறைவு செய்தார். வட துருவப் பகுதியில் கடுங்குளிர் குறித்த அறிவியல் ஆய்விலும் ஈடுபட்டார். இந்திய விமானப்படையில் ஏர் மார்ஷல் பதவியை எட்டிய முதல் பெண் என்ற பெருமையும் இவருக்கு உண்டு.

பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா ஆகிய மூன்று பதக்கங்களும் 1960-இல் ஏற்படுத்தப்பட்டவை. போர்க்கள வீரத்துக்கு அல்லாமல், நீண்டகாலச் சிறப்பான சேவைக்காக வழங்கப்படுபவை. ஆய்வகத்திலும் மருத்துவ அறையிலும் ஆண்டுக்கணக்கில் நடைபெறும் பணியை அடையாளம் காண இவையே வழி.

விமானத்திலிருந்து விண்கலத்துக்கு

விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியரான ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 விண்கலத்தில் புறப்பட்டார். அதற்கு முன் பெங்களூருவில் அவரை 72 மணி நேரம் தனியறையில் அடைத்து, மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுகிறாரா என்று சோதித்தனர். விண்வெளியில் அவர் மேற்கொண்ட ஆய்வுகளில் யோகப் பயிற்சியின் பயனை அறியும் சோதனையும் ஒன்று.

இஸ்ரோவின் ககன்யான் திட்டத்துக்கான முதல்கட்டத் தேர்வும் இதே நிறுவனத்தில், 2019 செப்டம்பரில் நிறைவடைந்தது. சோதனை விமானிகளுக்கு உடற்பயிற்சித் திறன், ஆய்வகம், கதிரியக்கம், உளவியல் எனப் பல நிலைகளில் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வரின் பெயர்களைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவித்தார்.

வீரர்களைப் போலவே மருத்துவர்களுக்கும் புதிய பயிற்சி தேவைப்பட்டது. ககன்யான் திட்டத்துக்கான இந்திய விமான மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்க வகை செய்யும் ஒப்பந்தம், 2021 ஏப்ரலில் இஸ்ரோவுக்கும் பிரான்ஸ் விண்வெளி முகமைக்கும் இடையே கையெழுத்தானது.

விண்வெளியில் சவால் தலைகீழாகிறது. போர் விமானத்தில் மிகுந்த விசை தொல்லை தருகிறது. சுற்றுப்பாதையில் எடையின்மை தொல்லை தருகிறது. உடல் திரவங்கள் தலையை நோக்கி ஏறி முகம் உப்புகிறது. முதல் சில நாள்கள் குமட்டல் வாட்டுகிறது. சுமை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. பூமிக்குத் திரும்பியதும் எழுந்து நின்றாலே ரத்தம் கால்களுக்கு இறங்கி மயக்கம் வரக்கூடும். சுக்லாவுக்கு விதிக்கப்பட்ட 7 நாள் மேற்பார்வையின் பொருள் இதுதான்.

சாமானியருக்கு என்ன பயன்?

இத்துறையின் பயன் ஓடுபாதையோடு முடிவதில்லை. தேஜஸ் போர் விமானத்தில், பறக்கும்போதே காற்றிலிருந்து விமானிக்கு ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துத் தரும் தொழில்நுட்பத்தை, பெங்களூருவில் உள்ள டிஆர்டிஓ உயிரிப் பொறியியல் ஆய்வகம் உருவாக்கியது. விமானிக்கு எந்த உயரத்தில் எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற மருத்துவ அறிவே அதன் அடிப்படை. 2021-இல் கரோனா இரண்டாம் அலை தாக்கியபோது, அதே தொழில்நுட்பத்தைக் கொண்டு நிமிடத்துக்கு 1,000 லிட்டர் திறனுள்ள மருத்துவ ஆக்சிஜன் நிலையங்கள் வடிவமைக்கப்பட்டன. பிஎம் கேர்ஸ் நிதியில் 500 நிலையங்கள் அமைக்கும் பணி டிஆர்டிஓவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றைத் தயாரிக்கும் பொறுப்பில் கோவையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றும் பங்கேற்றது. விமானி மூச்சுவிட உருவான கருவி, மாவட்ட மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கு மூச்சளித்தது.

ககன்யான் வீரர்கள் இந்திய மண்ணிலிருந்து புறப்படும் நாளில், கட்டுப்பாட்டு அறையில் இதயத் துடிப்பின் வரைகோட்டைப் பார்த்தபடி விமான மருத்துவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பயணம் தொடரலாம் என்பதற்கு அவரது ஒப்புதலும் தேவைப்படும்.